நெல்வயலும் நுண்ணுயிரும்: மெலியோய்டோசிஸ் நோயறிவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கரையும் வயலும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தே, வடக்கில் மருதமுனை தொடக்கம் தெற்கே பொத்துவில் வரை, தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் தமிழூர்களோடு அடுத்தடுத்து அமைந்துள்ளன. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் இருப்பு நிலை ஒரே வகையினது: கிழக்கே கடல், மேற்கே வயல். வீடுகள் கடலோரத்து மணற்பாங்கில் நெருங்கி நிற்க, உழவர் தம் வட்டைகளை நாடி மேற்கு நோக்கிச் செல்வர். சம்மாந்துறையைச் சூழ்ந்தும் அதற்கப்பாலும் விரியும் இவ்வயல்கள், 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் பின்னர் மேலும் பெருகின. வடகீழ்ப் பருவமழையோடு பெரும்போகம் தொடங்குகையில் உழவன் முழங்காலளவு சேற்றில் நாள்தோறும் நிற்கின்றான். வரம்பு கட்டுதல், வக்கடை திறத்தல், களை பிடுங்குதல் ஆகிய வேலைகளுள் எதுவும் சேற்றைத் தீண்டாது செய்யத்தக்கதன்று.

அச்சேறு நெல்லுக்கு மட்டுமன்றி, எண்ணற்ற நுண்ணுயிர்களுக்கும் உறைவிடமாகும். அவற்றுள் ஒன்று, பேர்க்கோல்டேரியா சூடோமல்லே எனப்படும் பற்றீரியா. தென்னாசியா, தென்கிழக்காசியா, வட அவுஸ்திரேலியா ஆகிய வெப்பவலய நிலங்களின் மண்ணிலும் நீரிலும் அது வாழ்கின்றது. மண்ணில் வாழும்போது எவருக்கும் பகையாகாத இவ்வுயிர், காற்புண்ணின் வழியேயோ மூச்சின் வழியேயோ மனித உடலினுட் புகுமாயின், சிலரிடத்து மெலியோய்டோசிஸ் என்னும் கொடிய நோயை விளைவிக்கின்றது. ஒரே உயிர் இருவேறு இடங்களில் இருவேறு இயல்பினதாய் ஒழுகுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சியின் வரலாற்றையும், அவ்வரலாற்றில் நெல்லுழவன் பெற்ற இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரங்கூனிற் கண்டது

இந்நோய் பற்றிய அறிவு இரங்கூன் நகரின் பிண அறையிலே தோன்றியது. 1911இல் இரங்கூன் பொது வைத்தியசாலையில் நோயியலாளராகவிருந்த அல்பிரட் உவிற்மோரும், அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும், அநாதரவாய் இறந்தோரின் உடல்களைப் பரிசோதித்தபோது விசித்திரமான குறிகளைக் கண்டனர். நுரையீரல் இறுகிக் கிடந்தது; ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் நிறைந்திருந்தன. இறந்தோருட் பலர் மோர்பியா ஊசி ஏற்றும் பழக்கமுடைய வறியவர். குறிகளோ குதிரைகளைப் பீடிக்கும் கிளாண்டர்ஸ் என்னும் நோயை ஒத்திருந்தன. ஆயின் இவர்கள் குதிரைகளோடு பழகியோரல்லர்.

சீழிலிருந்து வளர்த்தெடுத்த பற்றீரியாவை இருவரும் நுணுக்குக்காட்டியினூடே நோக்கினர். அது கிளாண்டர்ஸ் பற்றீரியாவைப் போன்றதெனினும் அதனின் வேறானது. கிளாண்டர்ஸ் பற்றீரியா அசைவற்றது, இதுவோ நீந்திச் சென்றது. வளர்ப்பூடகத்தில் விரைந்தும் பெருகியது. அதனைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தியபோது அவையும் அந்நோய்க்குள்ளாயின. இவ்வாறு றொபேட் கொக் வகுத்த நெறிக்கிணங்க ஒரு புதிய நோயும் அதன் காரணியும் நிறுவப்பட்டன. 1912இல் இருவர் பெயரிலும் அச்செய்தி வெளியாயிற்று. 1917இல் கிருஷ்ணசுவாமி, அந்நகரிற் கண்ட நூற்றுக்கு மேற்பட்ட நோயாளர் பற்றித் தனியே எழுதினார். எனினும் நோய்க்கு வழங்கிய மறுபெயர் ‘உவிற்மோரின் நோய்’ என்பதே. கண்டவர் இருவர், பெயர் நின்றதோ ஒருவர்க்கே. குடியேற்ற ஆட்சிக்கால விஞ்ஞானத்தில் உதவியாளரின் உழைப்பு பெற்ற இடத்தை இது நன்கு காட்டுகின்றது.

1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுவிலங்குகளிடையே இதே நோய் பரவியது. அங்கு பணியாற்றிய ஸ்ரான்ரன், பிளெச்சர் என்போர் 1921இல் இதற்கு மெலியோய்டோசிஸ் என்னும் கிரேக்கவழிப் பெயரை இட்டனர். கழுதைகளின் நோயொன்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. எலிகளே இந்நோயைப் பரப்புகின்றன என்று அவர்கள் கருதினர். அக்கருத்துப் பல ஆண்டுகள் நிலவிற்று.

கண்ணிற்பட்டோரும் படாதோரும்

இலங்கையில் இந்நோய் முதன்முதற் பதிவானது 1927இலாகும். டெனி, நிக்கொல்ஸ் என்போர் அதனைப் பதிவுசெய்தனர். நோயாளி ஓர் ஐரோப்பியர், தேயிலைத் தரகர். அதன் பின்னர் பல பத்தாண்டுகளாக இலங்கையிலிருந்து அரிதாகவே இந்நோய் பற்றிய செய்திகள் வெளிவந்தன. இந்நாட்டில் நோய் அருகியிருந்தமையே இதற்குக் காரணம் எனக் கொள்ளலாமா? பிற்கால ஆய்வுகள் அங்ஙனம் கொள்ள இடந்தரவில்லை.

நோயறிவின் வரலாற்றை முழுமையாக நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. இரங்கூனில் இது மோர்பியா ஊசியேற்றுவோரின் நோயெனப்பட்டது. பிணப் பரிசோதனையில் இந்நோய் காணப்பட்டோருட் பலர் அத்தகையோர் என்பது அதற்குக் காரணம். கொழும்பில் ஓர் ஐரோப்பியரிடத்து அது காணப்பட்டது. ஆய்வுகூட வசதி அத்தகையோர்க்கே எளிதில் எட்டியது. இந்தோசீனப் போரில் பிரான்சியப் படையினரும், வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினரும் இதற்கு ஆளாயினர். போர்க்களத்திலிருந்து மீண்டு ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் நோய் வெளிப்பட்டமையால், ‘வியட்நாமின் காலவெடிகுண்டு’ என அதனை அழைத்தனர். இரண்டாம் உலகப் போரிற் கைதியாக இருந்த ஒருவரிடத்து 62 ஆண்டுகளின் பின்னர் நோய் தோன்றியதாக 2005இல் அறிவிக்கப்பட்டது. ஆக, ஒவ்வொரு காலத்திலும் ஆய்வாளரின் கருவியும் கவனமும் எவருடைய உடலை எட்டினவோ, அவருடைய நோயாகவே மெலியோய்டோசிஸ் கருதப்பட்டது. ஆண்டுதோறும் சேற்றில் இறங்கிய உழவன் கடைசியாகவே கண்ணிற்பட்டான்.

அவனைக் காண்பதற்கு முதலில் நோயின் உறைவிடம் தெரியவேண்டியிருந்தது. 1955இல் இந்தோசீனாவில் ஷம்போன் என்னும் பிரான்சிய ஆய்வாளர் மண்ணிலும் நீரிலும் இப்பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். அதன்பின் எலிக் கொள்கை படிப்படியாய் வலுவிழந்தது. 1980களில் வடகீழ்த் தாய்லாந்தின் உபோன் நகர வைத்தியசாலையில் நடைபெற்ற விரிவான ஆய்வுகள், நோயாளருட் பெரும்பாலோர் நெல் விளைவிப்போர் என்பதையும், மழைக்காலத்தில் நோய் மிகுவதையும், நீரிழிவுள்ளோரையே அது பெரிதும் நாடுவதையும் வெளிப்படுத்தின. அங்கு நிகழ்ந்த ஆய்வொன்று, செப்ரசிடிம் என்னும் மருந்து இறப்பைப் பாதியாகக் குறைக்கவல்லது என 1989இற் காட்டிற்று. தமிழ்நாட்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1990களில் இந்நோயைக் கண்டு, இந்தியாவில் அறியப்பட்டது அதன் மேற்பரப்பு மட்டுமே எனக் கருதினர். இலங்கையிற் கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளரும் பிறரும் 2006ஆம் ஆண்டளவில் தொடங்கி முறையாகத் தேடலாயினர். நோயாளர் நூற்றுக்கணக்கிற் கண்டறியப்பட்டனர். அவர்களுள்ளும் உழவரும் நீரிழிவுள்ளோரும் மிகுந்திருந்தனர். 2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,65,000 பேர் இந்நோய்க்குள்ளாகின்றனர். அவர்களுள் 89,000 பேர் இறக்கின்றனர். நோய் புதிதன்று, தேடலே புதிது.

2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த கடற்கோள் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களைப் பேரழிவுக்குள்ளாக்கியதை நாடறியும். அதே கடற்கோளில் உயிர் தப்பியோர் சிலரிடத்து மெலியோய்டோசிஸ் தோன்றியமை தாய்லாந்திலிருந்தும் அச்சேயிலிருந்தும் 2005இல் அறிவிக்கப்பட்டது. சேறு கலந்த நீரை விழுங்கியமையும், காயங்களில் மண் படிந்தமையும் அதற்குக் காரணங்களாயின. வயலைத் தீண்டாதவரையும் மண்ணும் நீரும் இந்நோய்க்கு உள்ளாக்கக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

வாந்திபேதி காட்டிய வழி

நோயின் உறைவிடம் தெரிந்த பின்னரும், மண்ணுயிர் எங்ஙனம் நோய்க்காரணியாக மாறுகின்றது என்னும் வினா எஞ்சி நின்றது. இதற்கான வழியை வேறொரு நோய் பற்றிய ஆய்வுகள் திறந்துவிட்டன. கொக் 1884இற் கல்கத்தாவில் வாந்திபேதிப் பற்றீரியாவைத் தனித்தெடுத்தார். ஆயின் அப்பற்றீரியா உடலை எவ்வாறு தாக்குகின்றது என்பது முக்கால் நூற்றாண்டாகத் தெளிவுறவில்லை. அதே கல்கத்தாவில், வசதி குறைந்த ஆய்வுகூடத்தில், சம்பு நாத் டே என்னும் வங்காள நோயியலாளர் முயலின் குடற்பகுதியைக் கட்டிச் செய்த சோதனைகளின் வழி, பற்றீரியா சுரக்கும் நச்சுப்பொருளே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகின்றது என 1959இல் நிறுவினார். அவர்க்குரிய மதிப்பு நெடுங்காலம் கிட்டவில்லை.

நச்சு உண்டெனில், அதனைப் பற்றீரியா எப்போதும் சுரக்கின்றதா? இவ்வினாவை எழுப்புதற்கு உரிய கருத்தமைதியைத் தந்தவர்கள் பிரான்சிய விஞ்ஞானிகளான ஜக்கொப், மொனோ என்போர். குடலில் வாழும் ஒரு பற்றீரியா, பாலில் உள்ள லக்ரோசு என்னும் வெல்லம் கிடைக்கும்போது மட்டுமே அதனைச் சீரணிக்கும் நொதியங்களை ஆக்குகின்றது. இல்லாதபோது அதற்குரிய பரம்பரையலகுகளை அடக்கி வைக்கின்றது என்பதை 1961இல் அவர்கள் விளக்கினர். 1965இல் லுவோவ் என்பாருடன் அவர்களுக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பரம்பரையலகு இருப்பது வேறு, அது செயற்படுவது வேறு என்னும் தெளிவு இதனாற் பிறந்தது. வீட்டில் விளக்குண்டு என்பதனால் அது எந்நேரமும் எரிகின்றது என்றாகாது; ஆளியை இயக்குதல் வேண்டும்.

1980களில் அமெரிக்க விஞ்ஞானி மெக்கலனோசும் அவரோடு பணியாற்றியோரும் வாந்திபேதிப் பற்றீரியாவில் அத்தகைய ஆளியொன்றைக் கண்டனர். ரொக்ஸ்ஆர் எனப் பெயரிடப்பட்ட அப்புரதம் பற்றீரியாவின் மென்சவ்வை ஊடுருவி நிற்கின்றது. 1984இல் அதன் பரம்பரையலகு அடையாளங் காணப்பட்டது. 1987இல், சவ்வில் நின்றவாறே அது டீ.என்.ஏ.யைப் பற்றி நச்சுக்குரிய பரம்பரையலகுகளைத் தூண்டுகின்றது என்பது காட்டப்பட்டது. புறச்சூழலின் செய்தி அகத்துப் பரம்பரையலகை எட்டும் பாதை இவ்வாறு தெரியவந்தது. நோய் விளைக்கும் ஆற்றல் என்பது பற்றீரியா எப்போதும் ஏந்தித் திரியும் வாளன்று. உறையிலிட்டு வைத்து வேண்டும்போது உருவும் வாள் எனலாம்.

சேற்றிலிருந்து கலத்தினுள்

மெலியோய்டோசிஸ் பற்றீரியாவின் முழுப் பரம்பரைத் தொகுதியும் 2004இல் வெளியிடப்பட்டது. இரண்டு நிறமூர்த்தங்களும், எழுபது இலட்சத்துக்கு மேற்பட்ட இணைமூலங்களும் அதிற் காணப்பட்டன. ஒரு பற்றீரியாவுக்கு இது பெருஞ் செல்வமே. மண்ணில் உணவு தேடவும், வறட்சியைத் தாங்கவும், பிற நுண்ணுயிர்களோடு போட்டியிடவும் வேண்டிய கருவிகள் அதனுள் நிறைந்துள்ளன. காய்ச்சி வடித்த நீரில் 16 ஆண்டுகள் வரை இப்பற்றீரியா உயிர்தரித்தமை 2011இற் பதிவாயிற்று. இத்தகைய உயிர், கருவிகள் யாவற்றையும் ஒருங்கே இயக்குமாயின் தன் சக்தியை வீணே இழந்துவிடும். எனவே இடமறிந்து இயக்குதல் அதன் வாழ்வுக்கே இன்றியமையாததாகும்.

உடலினுட் புகுந்த பற்றீரியாவை முதலில் வெண்குருதிக் கலங்கள் விழுங்குகின்றன. விழுங்கப்பட்ட நுண்ணுயிர் சிறுபையொன்றினுள் அடைபட்டு அழிவதே வழமை. இங்கோ, பற்றீரியா ஊசியை ஒத்த கருவியொன்றை அமைக்கின்றது. மூன்றாம்வகைச் சுரப்புத் தொகுதி எனப்படும் இக்கருவியை பிஎஸ்ஏஎன் என்னும் ஒழுங்காக்கும் புரதம் இயக்குகின்றது. அதன் துணையோடு பற்றீரியா பையை உடைத்துக் கலத்தின் குழியவுருவினுள் இறங்குகின்றது.

அங்கே அதனை ஒரு புதிய சூழல் எதிர்கொள்கின்றது. மனிதக் கலங்களின் குழியவுருவில் குளுத்தாத்தியோன் என்னும் பொருள் செறிந்துள்ளது. கலத்துக்கு வெளியே அது மிகக் குறைவு. பற்றீரியாவின் மென்சவ்வில் நிற்கும் விர்ஏ என்னும் புரதம் இப்பொருளை உணர்ந்து, அகத்துள்ள விர்ஜி என்னும் துணைப் புரதத்துக்குச் செய்தியை உய்க்கின்றது. அது டீ.என்.ஏ.யை அணுகி, மற்றொரு தொகுதிப் பரம்பரையலகுகளைத் தூண்டுகின்றது. சிங்கப்பூர் ஆய்வாளர் 2015இல் இதனை வெளிப்படுத்தினர். தூண்டப்பட்டவற்றுள் ஒன்று ஆறாம்வகைச் சுரப்புத் தொகுதி. அடுத்தடுத்த கலங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பேருருக் கலங்களாக்க அது பயன்படுகின்றது. மற்றொன்று பிம்ஏ என்னும் புரதம். கலத்தின் அக்ரின் இழைகளையே வாலாகக் கொண்டு பற்றீரியா உந்திச் செல்ல இது வழிசெய்கின்றது. இவ்வாறு கலத்திலிருந்து கலத்துக்குச் செல்லும் பற்றீரியாவைக் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் எட்டுதல் அரிது. ஆறாம்வகைத் தொகுதி குலைக்கப்பட்ட பற்றீரியா, ஆய்வுவிலங்குகளில் நோய் விளைக்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்தமை 2011இற் காட்டப்பட்டது.

இங்கு நோக்கத்தக்கது யாதெனில், கலம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் பொருளையே பற்றீரியா, தான் வந்து சேர்ந்த இடத்துக்கு அடையாளமாகக் கொள்கின்றது என்பதாகும். வீட்டு விளக்கின் ஒளியே கள்வனுக்கு வழிகாட்டியமை போன்றது இது.

மனிதனைத் தாக்குவதற்கென்றே இவ்வாளிகள் தோன்றினவா என்பதும் ஆராயத்தக்கது. மண்ணில் வாழும் பற்றீரியாக்களை அமீபா போன்ற ஒருகல உயிர்கள் விழுங்குகின்றன. அவற்றினுள்ளே பிழைத்திருப்பதற்கு உருவான உத்திகளே பின்னர் மனிதக் கலங்களிலும் பயன்பட்டன என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். நோயாளியிடமிருந்து மற்றொருவர்க்கு இந்நோய் தொற்றுவது மிக அரிது என்பதும் இக்கருத்துக்கு இயைந்ததே. பற்றீரியாவின் நோக்கில் மனிதன் தற்செயலாக எதிர்ப்பட்ட ஓரிடம் மட்டுமே.

அறிவின் பயன்

இவ்வறிவாற் கல்முனைப் பிரதேசத்து உழவனுக்கு விளையும் பயன் யாது என்னும் வினா எழுதல் இயல்பு. பயன் இருவகைத்து.

முதலாவது மருத்துவம் பற்றியது. பற்றீரியாவைக் கொல்வதைவிட அதன் ஆளியை இயங்காது தடுத்தல் கூடுமெனின், மருந்துக்கு எதிர்ப்பாற்றல் தோன்றும் இடரும் குறையக்கூடும் என்னும் சிந்தனை தோன்றியுள்ளது. வாந்திபேதிப் பற்றீரியாவில் நச்சுக்குரிய ஒழுங்காக்கும் புரதமொன்றைத் தடுக்கும் வேர்ஸ்ரற்றின் என்னும் பொருள், சுண்டெலிக் குட்டிகளின் குடலிற் பற்றீரியா நிலைகொள்வதைத் தடுத்தமை 2005இல் அறிவிக்கப்பட்டது. மெலியோய்டோசிசுக்கு இத்தகைய மருந்து இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. தடுப்பு மருந்தும் இல்லை. நாளங்களின் வழி செப்ரசிடிம் அல்லது மெரோபெனம் ஏற்றி, பின்னர் கோற்றைமொக்சசோல் மாத்திரைகளைப் பல மாதங்கள் உட்கொள்வதே இன்றைய சிகிச்சை. இந்நோயைக் கசரோகமென மயங்கிக் காலங் கடத்துவதும், மாத்திரைகளை இடையில் நிறுத்துவதும் உயிருக்கு உலைவைக்கும்.

இரண்டாவது பயன் சிந்தனை பற்றியது. அது மருந்துக்குக் காத்திராது இன்றே கைக்கொள்ளத்தக்கது. கிருமி இருக்குமிடமெல்லாம் நோய் இருப்பதில்லை. கிருமியின் ஆளியும், மனித உடலின் தளர்வும் ஒருங்கே கூடுமிடத்திலேயே நோய் பிறக்கின்றது. வயலைப் பகையாகக் கருதுவது பேதைமை. ஆயின் நீரிழிவுள்ள உழவன் ஆறாத காற்புண்ணோடு சேற்றில் இறங்குவது தவிர்க்கப்படல் வேண்டும். புண்ணை நீர் புகாது மூடுதலும், இயலுமிடத்துச் சப்பாத்தணிதலும், குடிநீரைக் கொதிக்கவைத்தலும் எளிய காப்புகளாம். கிழக்கிலங்கையின் ஊர்களில் நீரிழிவு பெருகிவரும் இந்நாளில், நடுத்தர வயதுடைய விவசாயி ஒருவர்க்கு மாரிகாலத்தில் நீடித்த காய்ச்சலோ, நியூமோனியாவோ, ஈரலிற் கட்டியோ தோன்றின், குருதியையும் சீழையும் வளர்த்துச் சோதிக்கும்போது இப்பற்றீரியாவை மனத்திற் கொள்ளல் அவசியம். ஆய்வுகூடத்தில் இது வேறு சாதாரணப் பற்றீரியாவென்று தவறாகக் கொள்ளப்பட்டு ஒதுக்கப்படுவதுண்டு. தேடுவோர் கண்ணுக்கே இது புலப்படும் என்பதை இரங்கூன் முதல் உபோன் வரையான வரலாறு உணர்த்துகின்றது.

அன்று இரங்கூனில் உவிற்மோரும் கிருஷ்ணசுவாமியும் கையாண்டவை ஒரு நுணுக்குக்காட்டியும், வளர்ப்பூடகமும், சந்தேகிக்கத் துணிந்த மனமுமேயாம். கிளாண்டர்ஸ் என்று எழுதி முடித்திருந்தால் எவரும் அவர்களைக் குறை கூறியிரார். குதிரையோடு பழகாதவனுக்குக் குதிரை நோய் எங்ஙனம் வந்தது என்று அவர்கள் கேட்டனர். இன்று பரம்பரையலகின் ஆளிகளைக் கூட அறிந்துவிட்ட காலத்திலும், சம்மாந்துறை வட்டையிலிருந்து காய்ச்சலோடு வரும் உழவனின் உயிர், அவனைப் பார்த்து அத்தகைய கேள்வி கேட்கப்படுவதிலேயே தங்கியிருக்கின்றது.